சிலுவை போட்ட சிப்பாய்

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பதினோராம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். தாண்டவன்வெளியில் சுகந்தினி டீச்சரின் வீட்டு விறாந்தையில், தையல் மெஷினின் மீது காதை வைத்தபடி ஸாஹிர் நின்றுகொண்டிருந்தார். சக்கரத்தைக் கையால் ஒருமுறை உருட்டிக் கேட்டார். பின்புறமாக ஒருமுறை உருட்டிக் கேட்டார். அவருடைய வலது குதிகால் தரையில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அதன் கீழே மிதிகட்டை எதுவும் இல்லை.

“மெஷினுக்குப் பெரிய வருத்தமில்ல டீச்சர். தொண்டையில நூல் சிக்கியிரிக்கி. இருமுது.”

“கதிரையில இருந்து பாருங்களன் நானா.”

“நான் இருந்தா வேலையும் இருந்திரும்.”

ஸாஹிருக்கு ஐம்பத்தெட்டு வயது. காத்தான்குடிக்காரர். முப்பத்தைந்து வருடங்களாகத் தையல் மெஷின் திருத்துகிறார். ஒருநாளும் கடை வைத்ததில்லை. கடை வைத்தால் மெஷின் மட்டுந்தான் வரும், வீட்டுக்குப் போனால்தான் கதை வரும் என்பது அவர் சொல்லும் காரணம். ஒரு பகற்பொழுது முழுவதும் நாலு சுவருக்குள் அந்த மனிதரை அடைத்துவைக்க ஆராலும் முடியாது என்பது அவருடைய மனைவி றமீஸா சொல்லும் காரணம். தேநீரை நடந்துகொண்டே குடிப்பார். குடித்து முடித்த கோப்பையைப் பெரும்பாலும் வாசல் படலையடியில்தான் தேடி எடுக்க வேண்டியிருக்கும். தொழுகையில் மட்டும் அந்தக் குதிகால் அடங்குமென்று றமீஸா சத்தியம் செய்வார்.

அன்று மெஷினைத் திருத்தி முடித்ததும், தகரப் பெட்டியிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். நாலு விரல் அகலமான வெள்ளைப் பொப்லின் துணி, மூங்கில் குச்சியொன்றில் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. அதன் நுனியை ஊசிக்குக் கீழே கொடுத்து ஒரு சாண் நீளத்துக்குத் தைத்தார். அதற்கு முன்னால் வேறு வீடுகளில் ஓட்டிய தையல்கள் கறுப்பிலும் சிவப்பிலும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தையலின் கீழும் நீலப் பேனையால் மூன்று பெயர்கள். எல்லாம் பெண்களின் பெயர்கள்.

“இனிச் சொல்லுங்க. உங்கட பேர், அம்மாட பேர், அம்மாட அம்மாட பேர்.”

“அப்பாட பேர் வேணாமா?”

“அப்பாமார ஊர் எங்க டீச்சர் எழுதி வைக்கிற?”

அவர் சொன்னதில் பிழையில்லை. வாவியின் இரு கரையிலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாகத்தான் இறங்குகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கடல் கடந்து வந்த படையாள் ஒருவன் இங்கே ஒருத்தியை மணந்தால், பிள்ளைகள் அவளுடைய குடிக்குள் போய்விடுவார்கள். இரண்டு தலைமுறையில் அவன் பெயர் தண்ணீரில் போட்ட உப்பாகிவிடும். அப்படிக் கரைந்துபோன படையாட்களைத் தேடிப் பிடிப்பதுதான் ஸாஹிரின் இன்னொரு தொழில். அதற்கு அவர் கூலி வாங்குவதில்லை.

“பொம்பிளைகள வரிசையா எழுதிக்கிட்டுப் போங்க. எந்த இடத்தில ஒருத்திட புருஷன்ட குடி என்னெண்டு வீட்டாருக்குச் சொல்லத் தெரியல்லையோ, அந்த இடத்தில நில்லுங்க. அங்கதான் துவக்குக்காரன் ஒளிச்சிரிக்கான்.”

இந்த வழியில் அவர் பதினாறு பேரைக் கண்டுபிடித்திருந்தார். கரடியனாற்றில் ஒரு வீட்டார் மாட்டை நிறுத்துவதற்கு “ஆலுட்டு!” என்று கத்துவார்கள், அக்கம்பக்கத்தில் வேறு எவரும் அப்படிக் கத்துவதில்லை. மெஷினின் தோல்வாரை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் ஸாஹிரின் காதில் விழுந்தது. அது படை அணியை நிறுத்தும் ஆங்கிலக் கட்டளை என்று உடனே பிடித்துக்கொண்டார். அந்த வீட்டின் ஐந்தாவது தாய்க்குப் புருஷனாக ஒரு படைக்காரன் வெளிப்பட்டபோது, வீட்டுக்காரர்களைவிட மாடுதான் மரியாதையாக நின்றது என்று சொல்லிச் சிரிப்பார். செத்துப்போனவர்களைப் பற்றி அவர் பேசுவது, லீவில் போயிருக்கும் ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

சுகந்தினி பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது உள்ளறையிலிருந்து அவருடைய தாயார் எமிலியின் குரல் முந்திக்கொண்டு வந்தது. அவருக்கு எண்பத்திரண்டு வயது, குரலுக்கு நாற்பதுதான்.

“தம்பி! எங்கட ஆக்களில ஒளிச்ச ஆளொண்டும் இல்ல. நாங்க கப்பித்தான்ட ஆக்கள். துறையில கேம்ப் இருந்த காலத்தில எங்கட பூட்டன் கப்பித்தானா, படைக்கே தலைவரா இருந்தவர். கோயில்ல ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க.”

“அப்ப அவர்ட பேரென்ன அம்மா?”

“கப்பித்தானுக்குப் பேர் என்னத்துக்கு? கண்ணகை எலிசபெத்த முடிச்சவர். அவ எனக்கு மேல நாலாவது தாய். அவர்ட பேரைக் கண்டுபிடிச்சு, அதையும் சேர்த்து எழுதுறதெண்டா எங்கட பேர எழுதுங்க. இல்லாட்டி எழுதாதீங்க.”

ஸாஹிர் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். சுகந்தினி வீட்டுத் தையலின் கீழே இடம் வெறுமையாகவே நின்றது.

எமிலி விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருடைய கணவரின் கல்லறையில், “கப்பித்தான் வழிவந்த எமிலியின் கணவர்” என்றுதான் செதுக்கியிருந்தார்கள். அதன் பக்கத்தில் எமிலிக்கான இடத்தையும் கல்லையும் அவரே தெரிவுசெய்து வைத்திருந்தார்.

நாலாவது தடவை வந்தபோதுதான் ஸாஹிர் தன்னுடைய படையாளைப் பற்றிச் சொன்னார். விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தபடி சொன்னார்.

அவன் பெயர் அஹமட். ஸாஹிரின் தாய்வழியில் ஐந்தாவது தாயின் புருஷன். வாவியின் மேற்குக் கரையில், இப்போது சிப்பித்துறை என்று அழைக்கப்படும் இடத்தில் ஒருகாலத்தில் இருந்த படைமுகாமில் சிப்பாயாக இருந்தவன். கூட்டாளி ஒருவனுக்காகக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய், அங்கிருந்த புத்தகத்தில் சிலுவை போட்டான் என்று ஊரில் கதை வந்தது. மார்க்கத்தை விட்டுவிட்டான் என்றார்கள். அவன் இறந்தபோது ஊர் மையவாடியில் இடம் கிடைக்கவில்லை. துறையடியிலேயே அடக்கினார்கள். பின்னர் மனைவியையும் ஒரு பிள்ளையையும் அவனுக்குப் பக்கத்திலேயே அடக்கினார்கள். மூன்று முருகைக்கற்கள் இன்னமும் அந்தக் கபுறுகளின் தலைமாட்டில் பாதி புதைந்து நிற்கின்றன.

“சிலுவைக்காரன்ட ஆக்கள் எண்டு எங்கள இண்டைக்கும் சொல்றாங்க டீச்சர். போன நோன்புக்கு மீன்கடையில ஒரு சண்டை. நான் முதல்ல வந்தன், அவன் பொறகு வந்தான். ‘சிலுவைக்காரனுக்குச் சூரை மீன் என்னத்துக்கு’ எண்டு கேக்கான். மீனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க பாப்பம்!”

அவருடைய அவசரத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. சிப்பித்துறையின் அபிவிருத்திச் சங்கத்தார் அந்த வெறுங்காணியை மட்டப்படுத்தி விளையாட்டுத்திடல் ஆக்கப்போகிறார்கள். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த இடம் அது, கற்கள் பழைய சூளையின் மிச்சம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஊரின் பெயரே அதற்குச் சாட்சி.

“நாப்பது வருசமாக் கிண்டிப் பாக்கன், ஒரு சிப்பி வரல்ல. சிப்பி இல்லாத ஊருக்கு ஏன் சிப்பித்துறை? அது சிப்பாய்த்துறை டீச்சர். வாயில தேய்ஞ்சு போச்சி.”

சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி நியாயமான மனிதர். “கபுறு எண்டா கபுறுதான் நானா, அதில நான் ஏறி விளையாடவா போறன்? ஒரு கடதாசி கொண்டு வாங்க, வேலிய நானே அடிச்சுத் தாறன். ஆனா புரட்டாசிக் கூட்டத்துக்கு முன்னம் வேணும்” என்று சொல்லியிருந்தார்.

அந்தக் கடதாசி எங்கே இருக்கக்கூடுமென்று ஸாஹிர் கணித்து வைத்திருந்தார். “உங்கட கோயில்ல பழைய கலியாணப் புத்தகம் இரிக்காம். அந்த இங்கிலீசு எனக்கு விளங்காது. விளங்கினாலும் என்னத் தொட விடுவாங்களா? நீங்க இங்கிலீசு டீச்சர். அஹமட் சிப்பாயப் பார்த்து எனக்கு அந்தக் கடதாசியத் தந்தீங்கண்டா, உங்கட கப்பித்தான நான் பிடிச்சுத் தாறன்.”

“தாறன் நானா,” என்றார் சுகந்தினி. அது வாக்கு.

ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று நாட்கள் கோயில் அலுவலகத்தில் இருந்து, செம்மைநிறமாய் மங்கிப்போன எழுத்துகளைச் சுகந்தினி வாசித்தார். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, 1861ஆம் ஆண்டுக்குரிய பக்கமொன்றில் இருவரையும் ஒருங்கே கண்டார்.

மணமகள், ஞானஸ்நானப் பெயர் எலிசபெத். முன்னைய பெயர் கண்ணகை. மணமகன் றைபிள் படையைச் சேர்ந்தவன், தம்பூர் என்னும் படைமுரசு அடிப்பவன், சாதி என்ற கட்டத்தில், காப்பிரி. சாட்சி அஹமட், சிப்பாய், வதிவிடம் சிப்பாய்த்துறை. சாட்சியின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு சாய்ந்த கோடுகள்.

காப்பிரி என்ற சொல்லைச் சுகந்தினி இரண்டு தடவை வாசித்தார். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த படையாட்களை அப்படித்தான் அழைத்தார்கள். காப்பிரி, கப்பித்தான். இரண்டு சொற்களுக்கும் இடையில் நாவு சற்று வழுக்கினால் போதும். அந்த வழுக்கல், தற்செயலாக அல்லாமல், குடும்பத்துப் பெண் எவளோ ஒருத்தியின் வாயில் வேண்டுமென்றே நிகழ்ந்திருக்க வேண்டும். அவளுக்கு அதற்குப் போதிய காரணமும் இருந்திருக்கும். காலைதோறும் எண்ணெய் வைத்து, சீப்பை நனைத்து நனைத்து, தாயார் தன் தலைமயிரின் சுருளை நெற்றியிலிருந்து பின்னோக்கி அழுத்திப் படியவைப்பது நினைவுக்கு வந்தது. சுகந்தினியின் கை தன் பிடரியைத் தொட்டு மீண்டது.

வெளியே ஸாஹிர் கோயிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

“இது பதினேழாவது சுத்து டீச்சர். பதினெட்டுக்கு முன்னம் வந்திட்டீங்க.”

சுகந்தினி முதலில் அஹமட்டைப் பற்றிச் சொன்னார். பெயரும் இருக்கிறது, சிப்பாய்த்துறை என்ற வதிவிடமும் இருக்கிறது, பக்கத்தில் அவருடைய குறியும் இருக்கிறது என்றார்.

“என்ன குறி?”

“கையெழுத்துப் போடத் தெரியாத ஆக்கள் பெருக்கல் குறி போடுவாங்க நானா. அந்தக் காலத்து வழக்கம் அது. புத்தகம் முழுக்கக் கிடக்கு.”

ஸாஹிரின் குதிகால் நின்றது.

“பெருக்கலா?”

“ஓம் நானா. சிலுவை இல்ல.”

அவர் வாவிப் பக்கமாகத் திரும்பி, “அறுபத்தொண்டாம் ஆண்டில இருந்து ஒரு பெருக்கலுக்கு அடி வாங்கிக்கிட்டு இரிக்கம்,” என்று சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “கூட்டாளி ஆரு? கலியாண மாப்பிள?”

சுகந்தினி அதையும் மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, தான் தன்னுடைய குரலிலேயே பேசவில்லை என்பதை உணர்ந்தார்.

“அட! அவனும் இவனும் கூட்டாளியா?” ஸாஹிரின் முகம் மலர்ந்தது. “தம்பூர்க்காரனெண்டா என்ன குறைச்சல் டீச்சர்? கப்பித்தான் நடக்கிறதே அவன் அடிக்கிற அடிக்குத்தானே!”

“நானா, இந்தப் பக்கத்த நீங்க கூட்டத்தில வச்சா எல்லாரும் வாசிப்பாங்க. கோயிலுக்கும் கதை வரும். அம்மாவுக்கு...” சுகந்தினி கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தார். “மேல் பாதிய மறைச்சுப் பிரதி எடுத்துத் தரட்டா?”

ஸாஹிர் தலையசைத்தார். “பாதிய மறைச்சா மத்தப் பாதிய நம்பமாட்டாங்க. கலியாணம் இல்லாம சாட்சி எதுக்கு எண்டு கேப்பாங்க. நியாயந்தானே.”

“அம்மா இருக்கிற மட்டும் பொறுக்க ஏலுமா?”

குதிகால் மறுபடியும் அசையத் தொடங்கியது. “பாப்பம் டீச்சர்,” என்றார். “அம்மாட மெஷினுக்கு எண்ணெய் போட்டு ரெண்டு மாசம். சனிக்கிழமை வாறன்.”

அதற்குப் பிறகு சுகந்தினிக்கு நிம்மதி இருக்கவில்லை. பக்கத்தின் பிரதி மெஷின் மேசையின் இழுப்பறையில், பழைய பொத்தான்களுக்கு அடியில் கிடந்தது. சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளின் சத்தம் ஒழுங்கையில் திரும்பும்போதே பதிலைத் தயார்செய்துகொள்வார்: இன்னும் கொஞ்சம் பொறுங்க நானா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல நானா. இரவல் வாங்கிய பதில்கள்போல அவை வாயில் ஒட்டாமல் நிற்கும். ஸாஹிர் வருவார், சக்கரத்தை உருட்டுவார், ஊசி மழுங்கிவிட்டது என்பார், தேற்றாத்தீவில் புதிதாக ஒரு துவக்குக்காரனைப் பிடித்த கதையைச் சொல்வார், போய்விடுவார். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இழுப்பறை இருக்கும் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. ஒருதரம் அவர் கேட்டுவிட்டால், மறுத்தாவது மனத்தை ஆற்றிக்கொள்ளலாமே என்று சுகந்தினிக்குத் தோன்றியதுண்டு.

மெஷினில் பழுதில்லாத வாரங்களிலும் எமிலி பழுது கண்டுபிடித்து அவரை வரவழைத்தார். வந்தால் கப்பித்தான் கதைதான்.

“தம்பி, என்ட நடையப் பாத்தாலே தெரியும். எங்கட பூட்டன்ட நடை.”

“ஓம் அம்மா. தாளம் பிழைக்காத நடை. படையில இருந்த ஆள்ட நடைதான்.”

எமிலி மகளைப் பார்த்துத் தலையை நிமிர்த்துவார். சுகந்தினி தேநீர் போட உள்ளே போய்விடுவார்.

செப்டெம்பர் முப்பதாம் திகதி புரட்டாசிக் கூட்டம் நடந்தது. ஸாஹிர் அங்கே தன் துணிச்சுருளை மட்டும் கொண்டுபோனார் என்பதைச் சுகந்தினி பல மாதங்கள் கழித்துத்தான் அறிந்தார்.

2024 மார்ச்சில் ஒருநாள், பாடசாலை விட்டதும், இழுப்பறையிலிருந்து எடுத்த பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஓட்டோ பிடித்துப் பாலத்தைக் கடந்து சுகந்தினி சிப்பித்துறைக்குப் போனார். என்ன சொல்வது என்று தீர்மானித்திருக்கவில்லை. வழி முழுவதும் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினார். வாவிக்கரையில் காணி பாய் விரித்ததுபோல மட்டமாக இருந்தது. கரப்பந்து வலை கட்டுவதற்கான இரண்டு கம்பங்களுக்குப் புதிதாகப் பச்சைப் பூச்சு அடித்திருந்தார்கள்.

வினாயகமூர்த்தி பூச்சுக் கையோடு வந்தார். “ஸாஹிர் நானாவத் தெரியுமா டீச்சர்? கூட்டத்துக்கு ஒரு சீலைச் சுருளக் கொண்டு வந்தவர். ‘சீலையக் காட்டினா நான் என்னண்டு வேலியடிக்கிற நானா’ எண்டு கேட்டன். எல்லாரும் சிரிச்சம், அவருஞ் சிரிச்சார். தை வரைக்கும் பொறுத்தம். மறுகா ட்ரக்டர் வந்த அண்டு காலம்புற வந்து நிண்டார். கல் மூண்டையும் தான் கொண்டு போறன் எண்டார். சூளைக்கல்லுத்தானே, கொண்டு போங்க எண்டம். மோட்டார் சைக்கிள்ல ஒவ்வொண்டாக் கட்டி, மூண்டு தரம் வந்து போனவர்.”

“கடதாசி கிடைக்கல்லையா எண்டு நீங்க கேக்கல்லையா?”

“கேட்டன். ‘இரிக்கி, வரும்’ எண்டார். ஆரிட்ட இருக்கு எண்டு கேட்டதுக்கு வாயத் திறக்கல்ல.”

அடுத்த சனிக்கிழமை மோட்டார் சைக்கிள் ஒழுங்கையில் திரும்பியபோது சுகந்தினி எந்தப் பதிலையும் தயார்செய்யவில்லை. ஸாஹிர் மெஷினின் முன்னால் வந்து நின்றதும், பிரதியை விரித்து ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஸாஹிர் அதைப் பார்த்தார். வாசிக்கத் தெரியாத எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போய், இரண்டு சாய்ந்த கோடுகளும் வெட்டுகிற இடத்தில் பெருவிரலை வைத்தார்.

“அம்மா முழிச்சா இரிக்கா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஓம்.”

உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. “ஆரு, ஸாஹிர் தம்பியா? என்னவாம் மெஷினுக்கு?”

“ஒண்டுமில்ல அம்மா. பொபின்!”

அவர் பிரதியை நாலாக மடித்தார். இழுப்பறையைத் தானே திறந்து, பொத்தான்களை ஒதுக்கி, அவற்றுக்கு அடியில் வைத்து, முழங்காலால் தள்ளி மூடினார். பிறகு தகரப் பெட்டியிலிருந்து துணிச்சுருளை எடுத்து, ஒரு வருடத்துக்கு மேலாகப் பெயரில்லாமல் கிடந்த அந்தத் தையல் வரும்வரை அவிழ்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். சுகந்தினி தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

ஸாஹிர் எந்தப் பெயரையும் கேட்கவில்லை. வெறுமையாக இருந்த இடத்தில், பெயருக்குப் பதிலாக, ஒரு சாய்ந்த கோடு இழுத்தார். அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு இழுத்தார். மை பரவாதபடி வாயால் ஊதிக் காயவைத்து, துணியை மறுபடியும் மூங்கில் குச்சியில் இறுக்கமாகச் சுற்றத் தொடங்கினார்.